உப்பு, களி, கருமணல்: வன்னியைச் சுற்ற மூன்று நாள்

பதினொரு வருஷம் டிப்பர் ஓடியவன் நான். கிறவல், ஆற்று மணல், சல்லிக்கல் என்று வீடு கட்டுகிற சனம் கேட்டதெல்லாம் ஏற்றிப் பறித்திருக்கிறேன். முதுகு விட்டுப்போன பிறகு டிப்பரை விற்று ஒரு வான் எடுத்தேன். வெளிநாட்டில் இருந்து வருகிற ஆட்களை நல்லூர், கீரிமலை, நயினாதீவு என்று கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் இப்போது பிழைப்பு.

கனடாவில் இருந்து வந்த அக்காவின் மகன் இரண்டாம் நாளே அலுத்துவிட்டான். "மாமா, கோயில் காணும். நீங்கள் வேலை செய்த இடங்களைக் காட்டுங்கோ" என்றான். நான் வேலை செய்த இடமென்றால் மண் அள்ளுகிற கிடங்குகள்தான். என் அப்பா வேலை செய்தது பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலையில். இரண்டையும் சேர்த்து யோசித்தபோது ஒரு பாதை தானாகவே விழுந்தது: வன்னியில் மண்ணையும் உப்பையும் அள்ளி வேலை நடந்த இடங்கள். ஆனையிறவில் தொடங்கிப் பரந்தனில் வந்து முடிகிற ஒரு வட்டம். இப்போது அவனுடைய கூட்டாளிகளும் கேட்கிறார்களாம், அதனால் எழுதுகிறேன். வழிகாட்டி தேவையில்லை. நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வெட்டி உள்ளே போகிற நூதனசாலை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். போர் கட்டிடங்களைத் தின்றது, மிச்ச இரும்பைப் பழைய இரும்புக்காரர் தின்றார்கள். எஞ்சியிருப்பது மண்தான். ஒவ்வொரு இடத்திலும் இறங்கிக் கீழே பாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள். அது எங்கே போனது, யார் கொண்டுபோனது என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேளுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார், அவருக்குத் தெரியும்.

போகிற காலம் மாசியில் இருந்து புரட்டாதி வரை. ஐப்பசி மழை தொடங்கினால் உப்புப் பாத்திகள் வெறும் குளம், மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண் வெறும் பசை. சித்திரை வெயில் ஆளைக் கொல்லும். சோளகம் அடிக்கிற வைகாசிக்குப் பிறகு வருவது நல்லது, அந்தக் காற்றில்தான் உப்பும் நன்றாக விளையும். மோட்டார் சைக்கிள், கார் எதுவும் சரி. கொண்டுவர வேண்டியது தண்ணீர், தொப்பி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு காந்தம். பழைய கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க்கை உடைத்தால் உள்ளே சின்னதாக ஒரு காந்தம் இருக்கும், அதுதான் வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் சரிவராது. ஏன் என்று கொக்கிளாயில் சொல்கிறேன்.

மிதிவெடி விசயம் பகிடி இல்லை. பெரும்பாலான இடங்கள் துப்புரவாகிவிட்டன, ஆனால் எல்லாம் இல்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஒன்றுக்கு இருக்க என்று இறங்க வேண்டாம். மாடு போகிற பாதை, ஆட்கள் நடக்கிற பாதை, அவ்வளவுதான். முகாம்களைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

சரி, முதல் நாள்.

காலை ஏழு மணிக்கே ஆனையிறவில் நில்லுங்கள். ஒரு காலத்தில் வன்னி யானைகளை நீரேரிக்குள்ளால் நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏற்றினார்கள், பெயர் அப்படி வந்தது. இப்போது ஏ9 வீதியும் தண்டவாளமும் பக்கம் பக்கமாக நீரேரியைக் கடக்கின்றன. உப்பளம் வெள்ளைக்காரன் காலத்தது, 1930களில் தொடங்கியது. 1990இல் சண்டையோடு நின்று, பாத்திகள் எல்லாம் காவலரணாகின. 2025 மார்ச்சில் இங்கே மேசை உப்பு ஆலை திறந்தார்கள். பொதியில் "ரஜ லுணு" (சிங்களத்தில் அரச உப்பு) என்று பெயர் வந்ததும் எங்கள் பக்கம் பெரிய சத்தம் எழும்பியது. ஆனையிறவு என்ற பெயரை விட அந்த உப்புக்கு வேறு என்ன பெயர் வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

வாசலில் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளே விட்டால் அதிர்ஷ்டம், விடாவிட்டால் வீதிக் கரையில் நின்றே பாதி புரியும். உப்பு விளைவது ஒரே பாத்தியில் இல்லை. நீரேரித் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் கட்டுவார்கள். வெயிலில் வற்ற வற்ற அடுத்தடுத்த பாத்திக்குத் திறந்து விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு தடித்துவிட்டது என்று பார்க்க ஒரு கண்ணாடி மானி மிதக்கவிடுவார்கள். கடல் தண்ணீர் அதில் மூன்றரைப் பாகை அளவில் நிற்கும். பதின்மூன்றைத் தாண்ட ஜிப்சம் என்ற வேறொரு கனிமம் படியத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால்தான் உப்பு. முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் மிஞ்சிய கசப்புத் தண்ணீரும் சேர்ந்து உப்பு பழுதாகிவிடும். கசப்பைத் திறந்து வெளியே விடுகிற நேரம் தெரிந்தவன்தான் அங்கே உண்மையான மேஸ்திரி.

கடைசிப் பாத்திகள் வெயில் ஏற ஏற இளஞ்சிவப்பாகத் தெரியும். என் மருமகன் யாரோ சாயம் ஊற்றியிருக்கிறார்கள் என்றான். உப்புத் தண்ணீரில் வாழ்கிற நுண்ணுயிர்களின் நிறம் அது. ஓரத்தில் ஒரு கட்டியை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உப்பென்றால் சதுரம் சதுரமாக உடையும், நாக்கில் வைத்தால் கரையும். ஜிப்சம் என்றால் நகக்கீறு விழும், ஆனால் நாக்கில் கரையாது. அந்த இரண்டையும் அப்பா எனக்கு ஏழு வயதில் காட்டினார்.

தெற்குப் பக்கம் வீதிக் கரையில் ஒரு புல்டோசர் நிற்கும். 1991 சண்டையில் புலிகள் இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கியது. இராணுவம் அதைத் தங்கள் வீரனின் நினைவுச் சின்னமாக்கி வைத்திருக்கிறது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். நான் டிப்பர்க்காரன், என் கண் செயினுக்கும் பிளேட்டுக்கும்தான் போகும்: மண் தள்ளச் செய்த இயந்திரம்.

அங்கிருந்து பரந்தன் கிட்ட. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறைக்குச் சீமெந்து, வாழைச்சேனைக்குக் கடதாசி, பரந்தனுக்கு இரசாயனம் என்று திட்டம் போட்டார்கள். பரந்தனை ஏன் பிடித்தார்கள் என்றால் உப்பு பக்கத்தில். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் கோஸ்டிக் சோடா. கோஸ்டிக் சோடா சவர்க்காரம் காய்ச்ச, குளோரின் குடிதண்ணீர் சுத்தமாக்க. அப்பா குளோரின் சிலிண்டர் நிரப்புகிற பகுதியில் இருந்தார். அம்மா அவருடைய சட்டையை எங்கள் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவே மாட்டா. சட்டை மணத்தாலேயே அவர் படலைக்குள் வருவது எங்களுக்குத் தெரியும்.

இப்போது பார்க்கக் கூடியது கொஞ்சம்தான். தொழிற்சாலை போரில் நின்றது, திரும்பத் தொடங்குகிற பேச்சு வந்து வந்து போகிறது. வேலிக்கு வெளியே நில்லுங்கள், உள்ளே நுழைய வேண்டாம். சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது "கெமிக்கல் எங்கே?" என்று கேட்டால் போதும். "இரசாயனத் தொழிற்சாலை" என்று முழுப்பெயர் சொன்னால் உங்களை அரசாங்க ஆளென்று நினைத்து வாய் திறக்கமாட்டார்கள்.

கிளிநொச்சியில் பெற்றோல் நிரப்புங்கள், இரணைமடுக் குளத்தை இன்னொரு நாளுக்கு வையுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் மட்டும் நிற்காமல் போகக்கூடாது. நான் கும்பிடுகிற ஆள் என்பதால் சொல்லவில்லை. ஏ9இல் ஓடுகிற எந்தச் சாரதியும் அங்கே நிற்பான், வீதி நிலவரம் எல்லாம் அங்கேதான் கேட்டு அறியலாம். தேங்காய் ஒன்று அடியுங்கள், கச்சான் ஒரு பை வாங்குங்கள். மாங்குளம் வரை கொறிக்கக் காணும்.

மாங்குளத்தில் இடது பக்கம் திரும்பினால் ஏ34, முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பாதி வழியில் ஒட்டுசுட்டான். இங்கே ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, சுற்று வட்டாரக் களியை அரைத்துக் கூரை ஓடு சுட்டார்கள். ஓடு சுட்டதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், பெயர் அதற்கு எவ்வளவோ முந்தியது. அறுவடை முடிந்த வயலில் ஒட்டை, அதாவது அறுத்து மிஞ்சிய அடிக்கட்டையை, சுட்ட இடத்தில் சிவலிங்கம் தோன்றியது என்பது தான்தோன்றீஸ்வரர் கோயில் கதை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் கூரையில் எந்த ஊர் ஓடு என்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்தவர்களின் பெயர் அச்சாக இருக்கும். இடிந்த வீடு கண்டால் உடைந்த ஓட்டை வீதியில் நின்றபடியே பாருங்கள், உள்ளே இறங்க வேண்டாம். பாம்பும் இருக்கும், வேறு எதுவும் இருக்கும்.

இந்த வீதியில் பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள். யானை வரும். லைட் இல்லாத மாடு நடுறோட்டில் படுத்திருக்கும். தண்ணீரூற்று, முள்ளியவளை தாண்டி வெளிச்சத்தோடு முல்லைத்தீவுக்குள் போய்விடுங்கள். தங்க இடம் உண்டு, இரவில் மீன்குழம்பு கட்டாயம்.

இரண்டாம் நாள் விடிய ஐந்தரைக்கு எழும்புங்கள். கொக்கிளாய்க்குப் போவது காலை வெளிச்சத்துக்காக.

அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, பிறகு கொக்கிளாய். இந்தக் கரையோரச் சனத்தை 1984 டிசம்பரில் ஊரைவிட்டு எழுப்பினார்கள். அவர்கள் திரும்பி வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு எடுத்தது. கொக்குத்தொடுவாயில் வேகத்தைக் குறையுங்கள். 2023 ஜூன் கடைசியில் இந்த வீதிக் கரையில் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கப் பெக்கோ மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புகளும் உடுப்புகளும் வெளியே வந்தன. பிறகு நீதிமன்ற உத்தரவோடு கிண்டி ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்களை எடுத்தார்கள். நானும் எத்தனையோ நாள் பெக்கோவுக்குக் கீழே டிப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வாளி மண்ணோடு மேலே வரும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்போம். மருமகன் வானை நிற்பாட்டச் சொன்னான். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

கொக்கிளாயில் கடற்கரைக்கு இறங்கினால் மணல் இரண்டு நிறத்தில் கிடக்கும். வெள்ளை மணலுக்கு மேலே கறுப்புக் கோடு கோடாக, யாரோ அடுப்புக்கரியைத் தூவிவிட்ட மாதிரி. அதுதான் இல்மனைற். டைற்றேனியம் உள்ள கனிமம். வெள்ளைப் பெயின்றின் வெள்ளை இந்தக் கறுப்பு மண்ணில் இருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொன்னால் முதலில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இதோடு ரூட்டைல், சேர்கோன், கொஞ்சம் மொனசைற், சிவப்புக் கானற்றும் கலந்திருக்கும்.

ஏன் கோடு கோடாகக் கிடக்கிறது? சாதாரண மணலை விட இல்மனைற் ஒன்றேமுக்கால் மடங்கு பாரம். அலை வந்து திரும்பும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது நின்றுவிடும். ஆயிரக்கணக்கான வருஷம் கடலே அரித்துப் பிரித்து வைத்தது. ஒரு கையில் வெள்ளை மணலும் மறு கையில் கறுப்பு மணலும் அள்ளிப் பாருங்கள், கை உடனே சொல்லும். டிப்பரில் இதை ஏற்றினால் பெட்டி பாதி நிறையுமுன்பே ஸ்பிறிங் இறங்கிவிடும்.

இப்போது காந்தம். அதை ஒரு சொப்பிங் பையால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் துகள்களைப் பிறகு கழற்றவே முடியாது. கறுப்பு மணலை வெள்ளைத் தாளில் பரப்பி மேலால் காந்தத்தைக் கொண்டுபோங்கள். இல்மனைற்றுக்குக் காந்த இழுப்பு குறைவு, ஸ்பீக்கர் காந்தத்துக்கு அசையாது. ஹார்ட் டிஸ்க் காந்தத்துக்குத் துள்ளி ஏறும். தாளில் மிஞ்சுவதில் கண்ணாடி மாதிரி மினுங்குகிற சின்னச் சின்ன மணிகள் இருந்தால் அது சேர்கோன். ஆலைகளிலும் அடிப்படையில் இதே காந்த வேலைதான், இயந்திரம் பெரிது, அவ்வளவே. பார்த்து முடிந்ததும் மணலைக் கொட்டிவிட்டு வாருங்கள். 1992ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி கனிமம் அள்ளப் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். பேர்மிட் ஒன்று, லோட் மூன்று என்று ஓடிய நாட்கள் எனக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், அந்த விளையாட்டு வேண்டாம்.

நீரேரி வாய்க்கு அங்கால் தெரிவது புல்மோட்டை. அரசாங்கக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவாகி அங்கேதான் வேலை தொடங்கியது. 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்றிக்கொண்டு நின்ற கோடியாலிற்றி என்ற கப்பலைப் புலிகள் தாக்கியதும் அந்தக் கடலில்தான். இந்தக் கரையிலும் மண் எடுக்கிற திட்டம் உண்டு, காணி போய்விடும் என்று சனம் மறியல் செய்ததும் உண்டு. வாடிக்காரரோடு கதைத்தால் இரண்டு பக்க நியாயமும் கேட்கலாம்.

கடற்கரையில் வாகனத்தை இறக்காதீர்கள். நான் ஓட்டுநர், எனக்குத் தெரியும் என்று இறக்கி அச்சு வரை புதைந்தேன். அப்படிப் புதைந்தால் அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கிடங்குதான் ஆழமாகும். நாலு ரயரிலும் காற்றைப் பாதிக்குக் குறையுங்கள், முன்னால் தென்னோலை போடுங்கள், இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். றோட்டுக்கு ஏறியதும் முதல் கடையில் ரயருக்குக் காற்றைத் திரும்ப அடியுங்கள். என்னைத் தள்ளிவிட்ட கரைவலைக்காரர் காசு வாங்கவில்லை. "இனி றோட்டிலேயே ஓடு அண்ணை" என்று மட்டும் சொன்னார்கள்.

மிச்ச நாள் முழுக்க ஓட்டம். மாங்குளத்துக்குத் திரும்பி, ஏ9ஐக் குறுக்கே வெட்டி, மல்லாவி, துணுக்காய் ஊடாக வெள்ளாங்குளம். அங்கே ஏ32இல் ஏறித் தெற்கே இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, மன்னார். துணுக்காயில் மண் கறுக்கத் தொடங்குவதைக் கவனியுங்கள். முல்லைத்தீவிலேயே பெற்றோல் நிரப்பிக்கொள்வது புத்தி.

மன்னார்த் தீவிலும் கருமணல் கதைதான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தீவு முழுக்கக் குழாய் இறக்கி மண் மாதிரி எடுத்தது. 2025இல் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் நாட்கணக்கில் வீதியில் இருந்தது. இருக்கிற தரையே கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான், அதிலும் அள்ளினால் எங்கே போவது என்று கேட்கிறார்கள். டிப்பர்க்காரனாக இருந்த எனக்கே அதற்குப் பதில் இல்லை.

மூன்றாம் நாள் முதலில் முருங்கன், ஏ14 வழியாக. கறுப்புக் களி. வெயில் காலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லோடு களியும் வேண்டும். காங்கேசன்துறையில் கல் இருந்தது, களி இல்லை. அதனால் இங்கிருந்து ரயிலில் ஏற்றி, மதவாச்சி சுற்றி, வடக்கு முனை வரை கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளின் சுவரில் முருங்கனும் கொஞ்சம் இருக்கிறது. நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். தலைமன்னார்த் தண்டவாளம் 2015இல் திரும்ப ஓடத் தொடங்கியது, களி வண்டி வரவில்லை. ஒரு துண்டுக் களியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விரலால் கயிறாகத் திரித்துப் பாருங்கள். பென்சில் மொத்தத்துக்கு உடையாமல் வந்தால் நல்ல களி. முருங்கன் களி நூல் மாதிரியே வரும்.

பக்கத்தில் கட்டுக்கரைக்குளம், கையைக் கழுவ நல்ல இடம். திரும்பும் வழியில் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத் துறைமுகம் இந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. 1980களில் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகளும் மணிகளும் வந்தன. மழை பெய்து ஓய்ந்த பிறகு மேலேயும் ஓட்டுத் துண்டு தெரியும். பாருங்கள், எடுக்காதீர்கள். அரை நாள் கூட இருந்தால் தெற்கே அரிப்புக்குப் போய் ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகையையும் பார்க்கலாம். கடல் அதைத் துண்டு துண்டாக விழுத்திக்கொண்டிருக்கிறது.

பிறகு ஏ32இல் நேரே வடக்கு. வெள்ளாங்குளம் தாண்டி மேற்கே வேரவில், கிராஞ்சிப் பக்கம் திரும்பினால் பொன்னாவெளி. சீமெந்துக்குச் சுண்ணக்கல் எடுக்கப் போவதாகச் சொல்லி வந்தபோது சனம் மாதக்கணக்கில் கொட்டில் போட்டு இருந்து மறித்த ஊர். கல்லைத் தோண்டினால் கடல் தண்ணீர் கிணற்றுக்குள் வந்துவிடும் என்பது அவர்களின் பயம். நாங்கள் போன அன்று ஒரு ஆச்சி கிணற்றில் ஒரு வாளி அள்ளி மருமகனிடம் நீட்டினா. "குடிச்சுப் பார் தம்பி" என்றா. குடித்தான். இலேசான சவர். "இதுதான் எங்களுக்கு நல்ல தண்ணி" என்றா.

பூநகரியில் நேரே போனால் சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம். வலது பக்கம் திரும்பினால் பரந்தன்.  வீட்டுக்குப் போனதும் களைப்பென்று படுத்துவிடாமல் வாகனத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். களி காய்ந்தால் உளி வேண்டும். ஆனையிறவு உப்பு மூன்று நாளாக அங்கே ஒட்டியிருக்கும், இரும்பைத் தின்னத் தொடங்கியிருக்கும்.